நீலகிரித் தொகுதி: இத்தனையும் உங்களுக்குத் தெரியுமா?

ஊட்டி என்றால் மலர்க் கண்காட்சி தெரியும், வர்க்கி தெரியும், படகு இல்லம் தெரியும். குன்னூர் என்றால் சிம்ஸ் பூங்காவும் தேயிலையும் தெரியும். ஆனால் இந்த மலையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் தொகுதியின் கதை தெரியுமா? அதில் ஒரு கன்னடத் திரையுலக மாமன்னர் இருக்கிறார். இலங்கையில் பறிக்கப்பட்ட வாக்குரிமை இருக்கிறது. இந்தியா முழுவதும் 'காடு' எது என்று தீர்மானித்த வழக்கு இருக்கிறது. நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த நோட்டா கணக்கும் இருக்கிறது!

தொகுதி என்பது வரைபடத்தில் இழுத்த வெறும் கோடு என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கோடு பத்து கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் மலையின் குரலே மாறிவிடும். எப்படி என்று பார்க்கலாம், வாருங்கள்!

1. மலையின் பெயர், சமவெளியின் வாக்கு!

நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். உதகமண்டலம், குன்னூர், கூடலூர் மூன்றும் மலையில் இருக்கின்றன. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் பெரும்பாலும் கீழே. 2024 தேர்தலில் மொத்த வாக்காளர்கள் 14 லட்சத்துக்கும் மேல். இவர்களில் பெரும்பான்மையினர் மலையில் இல்லை, சமவெளியில்தான் இருக்கிறார்கள்! பச்சைத் தேயிலை விலைக்காகக் காத்திருக்கும் கோத்தகிரி விவசாயியும், அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தின் தண்ணீருக்காகப் பல்லாண்டு காத்திருந்த அவிநாசி விவசாயியும் தேர்ந்தெடுப்பது ஒரே எம்.பி.யை. ஒருவர் கேட்பது விலை, மற்றவர் கேட்டது நீர். இரண்டையும் டெல்லியில் ஒரே ஆள் பேச வேண்டும்.

2. நான்கு மாவட்டம், இரண்டு மாநில எல்லை!

நீலகிரி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என நான்கு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது இந்த ஒரே தொகுதி. ஒரு பக்கம் கேரளம், இன்னொரு பக்கம் கர்நாடகம். உச்சியில் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா. அடியில் கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டரே உயர்ந்த பவானிசாகர் அணைப் பகுதி. வேட்பாளர் காலையில் ஸ்வெட்டரோடு பிரசாரத்தைத் தொடங்கி மதியம் வியர்வையில் நனைந்து முடிக்கிறார்!

மொழிகளைக் கேட்டால் இன்னும் மலைப்பு. தமிழ், படுகு, மலையாளம், கன்னடம். அதோடு தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் பேசும் மொழிகள். பவானிசாகர் தொகுதியில் வரும் தாளவாடி மலையில் கன்னடம் சரளமாக ஒலிக்கும். கன்னடத் திரையுலகின் மாபெரும் நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் அந்தத் தாளவாடிப் பகுதியில்தான் இருக்கிறது. 2000 ஜூலை 30 அன்று சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் அவரைக் கடத்தியதும் அதே ஊரிலிருந்துதான். கர்நாடகம் தலையில் வைத்துக் கொண்டாடிய கலைஞரின் சொந்த ஊர் இன்று நீலகிரி மக்களவைத் தொகுதியில்!

3. ரயில் ஏறி, இறங்கும்வரை ஒரே தொகுதி!

மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை ரயில் கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமீடு, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று மூச்சு வாங்கி ஏறி உதகை சேர்கிறது. 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இந்தப் பயணம் முழுவதிலும் நீங்கள் தொகுதி எல்லையைத் தாண்டுவதே இல்லை! முதல் நிலையமும் கடைசி நிலையமும் ஒரே எம்.பி.யின் பொறுப்பு. உலகப் பாரம்பரிய ரயில் பாதை ஒன்றை முழுசாகத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் பெருமை எத்தனை தொகுதிகளுக்குக் கிடைக்கும்!

4. கூடலூர் ஒரு காலத்தில் மலபார்!

வாக்குப்பெட்டி வருவதற்கு முன்பே இந்த மலையின் எல்லைகள் நகரத் தொடங்கிவிட்டன. உதகை, குன்னூர் இரண்டும் 1866-லேயே நகராட்சிகள். அப்போது நீலகிரி தனி மாவட்டம்கூட இல்லை, கோயம்புத்தூரோடு சேர்ந்திருந்தது. 1868-ல்தான் பிரிந்தது. முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். உதகையின் பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக எழுந்ததே.

அப்போதும் கூடலூர் நீலகிரியில் இல்லை! தென்கிழக்கு வயநாடு என்ற பெயரில் மலபார் மாவட்டத்தில் இருந்த அந்தப் பகுதி 1877-ல்தான் நீலகிரியோடு இணைந்தது. கூடலூர், பந்தலூர்க் கடைத்தெருக்களில் இன்றும் தமிழுக்குச் சமமாக மலையாளம் கேட்பதன் வேர் இங்கே இருக்கிறது. அந்த ஒரு மாற்றம் நிகழாமல் போயிருந்தால் கூடலூர் வாக்காளர் இன்று கேரளத்தில், ஒருவேளை வயநாடு தொகுதியில், வரிசையில் நின்றிருப்பார்!

5. மாகாண சபைக்கு மலையிலிருந்து ஒரு குரல்!

உதகை ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர். ஆண்டில் சில மாதங்கள் மாகாண அரசே மலையேறி வந்துவிடும். ஆனால் மலைமக்களின் சார்பில் அந்த அரசோடு பேச யார் இருந்தார்கள்? ஹுப்பத்தலையைச் சேர்ந்த எச்.பி. ஆரி கவுடர் இருந்தார்! படுகு பேசும் படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரி. அச்சமூகத்திலிருந்து சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போன முதல் உறுப்பினரும் அவரே. தந்தை பெள்ளி கவுடர், மலை ரயில் பாதைப் பணியில் ஒப்பந்ததாரர்.

ஆரி கவுடர் சபையில் பேசியதோடு நிற்கவில்லை. மலையில் விளையும் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்போது லாபம் இடைத்தரகர் கைக்குப் போவதைக் கண்டு, 1935-ல் உருவான நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை முன்னின்று வளர்த்தார். மலைக்கும் மண்டிக்கும் இருந்த அந்த உறவு, பிற்காலத்தில் இரண்டும் ஒரே மக்களவைத் தொகுதியில் வந்து சேர்ந்தபோது அரசியல் உறவாகவும் ஆனது.

6. 1962-ல் ஒரு பெண்! அதற்குப் பிறகு?

1962 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் நிறுத்தியது அக்கம்மா தேவியை. படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி அவர். வென்று டெல்லி போனார்! நாட்டின் மூன்றாவது மக்களவையில் நீலகிரியின் குரல் ஒரு மலைப்பெண்ணின் குரலாக ஒலித்தது. பெண்கள் சட்டமன்ற வாசலை மிதிப்பதே அரிதாக இருந்த காலம் அது.

அதன்பின் 15 பொதுத்தேர்தல்கள் நடந்துவிட்டன. இன்னொரு பெண் இந்தத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போகவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அவர்கள் மத்தியிலிருந்து இரண்டாவது அக்கம்மா தேவி வர வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது!

7. பதினேழு தேர்தல், பத்துப் பேர், ஆறு கட்சிகள்!

1957 முதல் 2024 வரை 17 பொதுத்தேர்தல்கள். வென்றவர்கள் பத்துப் பேர். கட்சிகளோ ஆறு! 1957-ல் காங்கிரஸின் சி. நஞ்சப்பன். 1962-ல் அக்கம்மா தேவி. தமிழகமே திமுக அலையில் மிதந்த 1967-ல் இங்கே வென்றது ராஜாஜியின் சுதந்திராக் கட்சி. அப்போது திமுகவோடு அது கூட்டணியில் இருந்தது. வேட்பாளர் எம்.கே. நஞ்சா கவுடர். 1971-ல் திமுகவின் ஜே. மாதா கவுடர். 1977-ல் அதிமுகவின் பி.எஸ். ராமலிங்கம்.

அடுத்து வந்தார் காங்கிரஸின் ஆர். பிரபு. 1980, 1984, 1989, 1991 என்று வரிசையாக நான்கு வெற்றிகள்! 1996-ல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம். 1998-ல் அடுத்த திருப்பம். தமிழகத்தில் பாஜக வென்ற மூன்று தொகுதிகளில் நீலகிரியும் ஒன்று! மாஸ்டர் மாதன் 1999-லும் வென்றார். 2004-ல் பிரபு ஐந்தாவது முறையாகத் திரும்பினார். காங்கிரஸ், சுதந்திரா, திமுக, அதிமுக, தமாகா, பாஜக என இத்தனை கொடிகளுக்கும் இடம் கொடுத்த மலை இது. யாருடைய கோட்டை என்று இதைச் சொல்வீர்கள்?

8. கோவை நகரின் வாசல் வரை நீண்ட பழைய நீலகிரி!

இன்று இல்லாத ஒரு நீலகிரித் தொகுதி இருந்தது தெரியுமா? 1977 முதல் 2004 வரை வாக்களித்தவர்கள் கண்ட தொகுதி அது. அதில் பவானிசாகர் கிடையாது. அதற்குப் பதிலாகத் தொண்டாமுத்தூர் இருந்தது. கோவை நகரம் மேற்கே வளர வளர, தொண்டாமுத்தூர் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலும் வீங்கிக்கொண்டே போனது. விளைவு? தோடர் குடியிருப்புகளான மந்துகளையும் தேயிலைத் தோட்டங்களையும் சுமந்த ஒரு தொகுதியின் வெற்றி தோல்வியில், கோவைப் புறநகரின் வீட்டுமனைகளில் குடியேறியவர்களுக்கும் பெரிய பங்கு இருந்தது! பெயரில் மலை, எண்ணிக்கையில் பாதி நகரம்.

2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008-ல் நடைமுறைக்கு வந்த மறுசீரமைப்பு இந்த வரைபடத்தைக் கலைத்தது. தொண்டாமுத்தூர் பொள்ளாச்சிக்குப் போனது. கோபிசெட்டிபாளையம் என்ற மக்களவைத் தொகுதியே மறைந்தது. 2004-ல் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் வென்ற அந்தத் தொகுதியிலிருந்து பவானிசாகர் கழன்று நீலகிரியோடு ஒட்டியது. காஜனூர் நீலகிரிக்குள் வந்த கதை இதுதான்!

9. பெரம்பலூர் மாறியது, நீலகிரியும் மாறியது!

அதே மறுசீரமைப்பில் இன்னொரு அதிசயம். அதுவரை பொதுத் தொகுதியாக இருந்த நீலகிரி, பட்டியலினத்தவருக்கான தனித்தொகுதியானது. அதுவரை தனித்தொகுதியாக இருந்த பெரம்பலூர் பொதுத் தொகுதியானது. பெரம்பலூரில் 1996, 1999, 2004 என்று மூன்று முறை வென்றிருந்த திமுகவின் ஆ. ராசா 2009-ல் மலையேறி வந்து வென்றார். 2014-ல் அதிமுகவின் சி. கோபாலகிருஷ்ணனிடம் தோற்றார். 2019-ல் மீண்டும் வென்றார். 2024-ல் மத்திய இணையமைச்சராக இருந்த பாஜகவின் எல். முருகனை 2,40,000-க்கும் அதிகமான வாக்குகளில் வென்றார்.

மலைக்குள்ளேயும் ஒரு இடமாற்றம் நடந்தது. அதுவரை தனித்தொகுதியாக இருந்த குன்னூர் பொதுவானது. பொதுவாக இருந்த கூடலூர் தனித்தொகுதியானது. ஒரே உத்தரவு, எத்தனை பேருடைய அரசியல் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது!

10. ஆறு தொல்குடிகள், ஒரு தனி இடமும் இல்லை!

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசு அடையாளம் கண்ட ஆறு சமூகங்கள் இவை. ஆறும் நீலகிரியில் வாழ்கின்றன! அப்படியென்றால் பழங்குடியினருக்கான தனித்தொகுதி இங்கே இருக்க வேண்டுமே? இல்லை! தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே.

காரணம் எண்ணிக்கைதான். 2011 கணக்கில் நீலகிரி மாவட்டத்தில் பட்டியலினத்தவர் சுமார் 32 விழுக்காடு. பழங்குடியினர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. படுகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. அவர்களைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறுகிறது. தோடர் மந்துகளிலும் கோத்தர் ஊர்களான கோக்கால்களிலும் நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் தங்கள் மலையின் சார்பில் சபையில் அமர இன்னும் வழி பிறக்கவில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

11. கடலுக்கு அப்பால் இழந்த வாக்கு, மலையில் கிடைத்தது!

இந்தக் கதையின் நெஞ்சைத் தொடும் பக்கம் இதுதான். 1947-ல் இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தல். தேயிலை மலைகளில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளரும் கவிஞருமான சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம். லயத்து அறைகளில் வாழ்ந்தவர்கள் ஒரு நாட்டின் சபையில் குரல் பெற்ற ஆண்டு அது!

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1948 குடியுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கின. 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. பிரதிநிதியும் இல்லை. பின்னால் எல்லைகள் மாறியபோது தலவாக்கலை, கொட்டகலை போன்ற தொகுதிகளே வரைபடத்திலிருந்து மறைந்தன. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவானது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. மனிதர்களை எண்ணிப் பிரித்த கணக்கு!

தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களில் பல்லாயிரம் பேர் நீலகிரிக்கு ஏறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பிறகு 'டான்டீ' என்று எல்லோரும் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி, கோத்தகிரி, குன்னூர் என்று தோட்டங்கள் விரிந்தன. நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் வாக்கை இழந்தவர்கள் கூடலூரிலும் குன்னூரிலும் விரலில் மை வைத்துக்கொண்டார்கள்! அவர்களில் பெரும்பகுதியினர் பட்டியலினக் குடும்பத்தினர். இன்றைய தனித்தொகுதிக் கணக்கில் அந்தக் கப்பல் பயணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

12. ஒரு தாலுகா, இரண்டு தேசிய வழக்குகள்!

கூடலூரை எல்லோரும் முதுமலைக்குப் போகும் வழி என்பார்கள். சட்டக் கல்லூரி மாணவரைக் கேட்டுப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

இங்குள்ள நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற மலபார் அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். மலபாரோடு இருந்த பழைய உறவின் மிச்சம்! 1969-ல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1974-ல் அது, சட்டங்களை நீதிமன்றக் கேள்வியிலிருந்து காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்தது. அதை எதிர்த்த ஐ.ஆர். கொயலோ வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒன்பதாவது அட்டவணையில் ஒளித்து வைத்தாலும், 1973 ஏப்ரல் 24-க்குப் பின் சேர்ந்த சட்டங்கள் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் நீதிமன்றம் கேள்வி கேட்கும் என்றது அந்தத் தீர்ப்பு.

இன்னொன்று, அதே கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கு. கூடலூர்க் காடுகள் அழிவதைப் பார்க்கப் பொறுக்காமல் நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, நிலம் யாருடையதாக இருந்தாலும் காடு காடுதான் என்று இந்தியா முழுமைக்கும் விதித்தது!

நாட்டுக்கே வழிகாட்டிய மண்ணில் வாழ்பவர்களின் நிலை என்ன? ஜென்ம நிலச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலங்களில் குடியிருப்போர் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் தலைமுறை தலைமுறையாக அலைகிறார்கள். கூடலூரில் எந்த வேட்பாளரும் இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காமல் ஓட்டுக் கேட்க முடியாது.

13. நாட்டிலேயே அதிக நோட்டா!

2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நோட்டாவுக்கு வழி திறந்தது. 2014-ல்தான் முதன்முறையாக மக்களவைத் தேர்தலில் அந்தப் பொத்தான் இடம்பெற்றது. இந்தியாவிலேயே அதிக நோட்டா எங்கே விழுந்தது தெரியுமா? நீலகிரியில்! 46,559 வாக்குகள். அதிமுக, திமுகவுக்கு அடுத்து மூன்றாம் இடம் நோட்டாவுக்கு. காங்கிரஸே அதற்குப் பின்னால்தான்.

பின்னணியில் ஒரு சம்பவம். கட்சியின் அங்கீகாரப் படிவம் உரிய நேரத்தில் வந்து சேராததால் பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. இரண்டு முறை பாஜக வென்ற தொகுதியில் இயந்திரத்தில் தாமரையே இல்லை! ஒரு படிவத்தின் தாமதம், பல்லாயிரம் பேரின் விரலை வேறு பொத்தானுக்கு நகர்த்தியிருக்கலாம் என்பது பலரின் கணிப்பு. காரணம் எதுவாக இருந்தாலும், வாக்குச்சாவடி வரை நடந்து வந்து "இவர்களில் யாரும் வேண்டாம்" என்று பதிவு செய்த 46,559 பேரும் தங்கள் உரிமையை உணர்ந்தவர்கள்தான்!

14. மக்கள் குறையும் மலை!

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான தகவல். 2001-ல் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. பத்தாண்டு கழித்து 2011-ல் 7,35,394. குறைந்துவிட்டது! தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் பெருத்துக்கொண்டிருந்தபோது இந்த மலை மட்டும் மெலிந்தது. பச்சைத் தேயிலை விலை விழுந்தது. 1960-களில் அரசின் கனவாகத் தொடங்கி, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நொடித்துப்போய்ப் பின்னர் மூடப்பட்டது. இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கினார்கள்.

அதற்கும் தொகுதிக்கும் என்ன தொடர்பு? கோடுகளைப் போடுவது மக்கள்தொகைதான்! 2026-க்குப் பின் நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை மாநிலங்களின் மக்களவை இடங்கள் மாறக் கூடாது என்று அரசியலமைப்பு நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் காலம் நெருங்கிவிட்டது. மலையில் தலைகள் குறைந்தால், மலைச் சட்டமன்றத் தொகுதிகள் இன்னும் கீழே இறங்கி ஆள் தேட வேண்டியிருக்கும். மூன்று தொகுதிகள் மூன்றாகவே நீடிக்குமா என்ற கேள்வியும் எழும்.

1877-ல் கூடலூரைக் கேட்டு யாரும் எல்லையை மாற்றவில்லை. 1948-ல் இலங்கைத் தோட்டத் தொழிலாளியைக் கேட்டு யாரும் குடியுரிமையைப் பறிக்கவில்லை. இன்று நிலைமை வேறு. மறுசீரமைப்பு ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, பொது அமர்வில் மக்களைக் கேட்ட பிறகே முடிவெடுக்கிறது. கேத்தி விவசாயியும், சேரம்பாடித் தோட்டத் தொழிலாளியும், முத்தநாடு மந்தின் தோடரும், தாளவாடிக்காரரும், அவிநாசி நெசவாளியும் அந்த அமர்வில் பேச முடியும். அடுத்த வரைவு வெளியாகும் நாளில் உங்கள் ஊரின் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். பிடிக்காவிட்டால் எழுதிக் கொடுங்கள், போய்ப் பேசுங்கள். மலையின் எல்லையை இதுவரை மற்றவர்கள் வரைந்தார்கள். அடுத்த கோட்டை வரையும்போது மலைமக்களும் உடன் இருக்க வேண்டும்!